ஒன்பது வருடம், பதினான்கு பந்தயக் கார்கள்: அலமாரியில் எது நின்றது

போன மாதம் தூசி தட்டலாம் என்று நானே ஒட்டிப் பெயிண்ட் அடித்த 1/24 அளவு பிளாஸ்டிக் மாடல் கார் ஒன்றை அலமாரியிலிருந்து தூக்கினேன். கார் கைக்கு வந்தது, முன்பக்க டயர் ஒன்று மட்டும் வரவில்லை. அடியில் இருந்த பிளாஸ்டிக் பலகையோடு அப்படியே நின்றுவிட்டது. நான் அங்கே பசை எதுவும் போட்டதில்லை. மெல்ல நெம்பிப் பார்த்தால், டயர் உட்கார்ந்திருந்த இடத்தில் பலகை இளகிக் குழிந்திருந்தது. இந்த மாடல்களில் வரும் மிருதுவான டயர்கள் பெரும்பாலும் வினைல். அவற்றை மிருதுவாக வைத்திருக்கும் பிளாஸ்டிசைஸர் வருடக்கணக்கில் மெல்ல வெளியே கசியும். பாலிஸ்டைரின் மேல் பட்டுக்கொண்டே இருந்தால் அதைக் கரைத்துவிடும். முடித்து ஆறு வருடமான கார் அது. முடித்த அன்று எடுத்த படத்தில் எல்லாம் கச்சிதமாகத்தான் இருக்கிறது.

நாம் எல்லோரும் முடித்த அன்றே எழுதிவிடுகிறோம். பளபளப்பு வந்துவிட்டது, டீக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் ஸ்டிக்கர்) உட்கார்ந்துவிட்டது, படமும் எடுத்தாயிற்று, சரி. நான் ஒன்பது வருடத்தில் பதினான்கு கார்கள் முடித்திருக்கிறேன் (பாதியில் நிற்பவற்றின் கணக்கைக் கேட்காதீர்கள்). எல்லாம் 1/24, 1/20 அளவுகள். அவற்றில் எது நாள்பட நின்றது, எது காலை வாரியது என்பதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எனக்கே கொஞ்சம் சங்கடமான ஒரு விஷயம். அலமாரியில் இன்றைக்கும் பளிச்சென்று நிற்பது என் முதல் கார். அப்போது காற்றின் விசையில் பெயிண்டைத் தூவும் ஏர்பிரஷ் கிடையாது. தமியா நிறுவனத்தின் டிஎஸ் வரிசை ஸ்ப்ரே டப்பாவைக் குழாயிலிருந்து பிடித்த வெதுவெதுப்பான தண்ணீரில் சில நிமிடம் நிற்க வைத்து அடித்தது. கொதிக்கிற தண்ணீர் கூடாது, டப்பா வெடிக்கும். உடம்பு முழுக்க ஒரே நிறம் என்றால் டப்பாவே போதும் என்று இப்போதும் சொல்வேன். ஏர்பிரஷ் வாங்கினால்தான் ஆரம்பிக்க முடியும் என்று காத்திருப்பவர்கள் சும்மா காத்திருக்கிறார்கள்.

டப்பாவில் உள்ள குறை வேறு. பெயிண்ட் தடிமனாக விழும். 1/24 அளவில் 0.1 மில்லிமீட்டர் தடிமன் என்பது நிஜக் காரில் 2.4 மில்லிமீட்டர். பிரைமர் என்ற அடிப்பூச்சு, நிறம், கிளியர் என்ற நிறமில்லாத மேல்பூச்சு என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும்போது கதவின் இடுக்குக் கோடு தூர்ந்துபோய், கார் சாக்லேட்டில் முக்கி எடுத்ததுபோல ஆகிவிடும். அதனால் இப்போது பிரைமர் அடிப்பதற்கு முன்பே எல்லாக் கோடுகளையும் ஒருமுறை கீறி ஆழப்படுத்திக்கொள்கிறேன். அரைமணி நேர வேலை. செய்யாமல் விட்ட காரில் எந்தக் கருப்பு வாஷ் (கோட்டில் ஓடவிடும் நீர்த்த பெயிண்ட்) போட்டாலும் கோடு தெரியாது.

ஏர்பிரஷ் விஷயத்துக்கு வருவோம். என்னுடையது 0.3 மில்லிமீட்டர் நாசில், டபுள் ஆக்ஷன்: விசையை அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயிண்ட். ஏழு வருடமாக ஒரே கருவி. மூன்று முறை மக்கர் செய்தது, மூன்றும் என் கைங்கரியம். ஒருமுறை ஊசி கைதவறி விழுந்து நுனி கொக்கிபோல வளைந்தது. கண்ணுக்குத் தெரியாது, நகத்தின் மேல் இழுத்தால் கீறும். அதோடு அடித்தால் பெயிண்ட் ஒருபக்கமாகத் துப்பும். நுனியை நைஸான உப்புத்தாளில் படுக்க வைத்து உருட்டி உருட்டி நேராக்கினேன், இன்றும் அதே ஊசிதான். இன்னொரு முறை, மலிவாகக் கிடைத்த ரப்பர் வளையத்தை உள்ளே போட்டேன். லாக்கர் பெயிண்டை இளக்கும் தின்னர் பட்டு அது ஊதிப்போய் விசையே நகரவில்லை. டெஃப்லான் வளையம் போட்டபின் அந்தத் தொல்லை இல்லை. மூன்றாவது முறை, கழுவாமல் தூங்கப் போனது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஏர்பிரஷுக்குக் காற்று தரும் கம்ப்ரஸரில் நான் பார்ப்பது இரண்டுதான்: காற்றைத் தேக்கும் டேங்க் இருக்க வேண்டும், ஈரத்தைப் பிடிக்கும் வடிகட்டி இருக்க வேண்டும். டேங்க் இல்லாததில் காற்று துடித்துத் துடித்து வரும். நிறத்துக்கு 15 முதல் 18 பிஎஸ்ஐ அழுத்தம் வைக்கிறேன், கடைசிக் கிளியருக்குக் கொஞ்சம் கூட்டுவேன். மழை நாளில் லாக்கர் அடிப்பதை விட்டுவிட்டேன். தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து, பளபளப்பு வெள்ளையாகப் பூத்துப்போகும். மெதுவாக உலர வைக்கும் ரிட்டார்டர் கலந்த தின்னரை மேலே லேசாக அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும், ஆனால் அதுவரை வயிற்றைக் கலக்கும்.

சிவப்புப் பிளாஸ்டிக்கில் வார்த்த காருக்கு வெள்ளை அடிக்கப்போகிறவர்கள் இதைக் கவனிக்கவும். நான்காவது காரில் வெள்ளை அடித்தேன், மறுநாள் காலை இளஞ்சிவப்பாக இருந்தது. மறுபடி வெள்ளை, மறுபடி இளஞ்சிவப்பு. லாக்கர் பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் கரைப்பதால் உள்ளே இருக்கும் சாயம் மேலேறி வந்துவிடுகிறது. நடுவில் ஒரு பூச்சு சில்வர் அடித்து, அதன் மேல் வெள்ளை அடித்தபின் நின்றது. ஐந்து வருடமாக வெள்ளையாகவே இருக்கிறது.

நிறங்களைப் பற்றிப் பேசினால் விடிந்துவிடும். ஆனாலும் ஒன்று. 1988இல் 16 ஃபார்முலா 1 பந்தயங்களில் 15ஐ வென்ற மெக்லாரன் எம்பி4/4, டிவியில் பார்த்தவர்களுக்குச் சிவப்பு. நிஜத்தில் அது ஒளிரும் ஆரஞ்சு கலந்த சிவப்பு. நான் அந்த ஒளிரும் பெயிண்டை அடித்து முடித்ததும் என் மகள் வந்து, “அப்பா, பெயிண்ட் தப்பா வாங்கிட்டீங்களா?” என்றாள். தப்பில்லை. ஆனால் ஒளிரும் பெயிண்டுக்கு இரண்டு குணங்கள் உண்டு. அது பாதி ஊடுருவித் தெரிவது, அதனால் அடியில் சுத்த வெள்ளை இருந்தே ஆகவேண்டும். சாம்பல் பிரைமர் மேல் அடித்தால் செத்த நிறம் வரும். இரண்டாவது, வெளிச்சத்தில் மங்கும். ஜன்னலுக்கு எதிரே நான்கு வருடம் இருந்த என் எம்பி4/4இன் ஜன்னல் பக்கம் இப்போது தக்காளி சாதம்போல வெளிறி இருக்கிறது, சுவர்ப் பக்கம் இன்னும் கண்ணைக் குத்துகிறது. அந்தக் காரை இப்போது சுவர்ப் பக்கம் தெரியும்படி திருப்பி வைத்திருக்கிறேன்.

கல்ஃப் எண்ணெய் நிறுவனத்தின் நீலத்தில் இருக்கும் போர்ஷே 917கே இதற்கு நேர்மாறு. வெளிர்நீலம், நடுவில் ஆரஞ்சுப் பட்டை, ஆறு வருடமாக ஒரு மாற்றமும் இல்லை. பார்க்கிறவர்கள் எல்லோரும் “லே மான் ஜெயித்த கார்தானே?” என்பார்கள் (பிரான்சில் நடக்கும் 24 மணி நேரப் பந்தயம்). இல்லை. 1970இல் போர்ஷேவுக்கு முதல் லே மான் வெற்றியைத் தந்த 917 சிவப்பும் வெள்ளையும். 1971இல் ஜெயித்தது மார்ட்டினி மதுபான நிறுவனத்தின் நிறங்களில் இருந்தது. கல்ஃப் நிறத்தில் 1968, 1969 இரண்டிலும் ஜெயித்தது ஃபோர்டு ஜிடி40, அதுவும் இரண்டு வருடமும் ஒரே கார். இதைச் சொல்லிச் சொல்லியே வீட்டுக்கு வருபவர்களின் எண்ணிக்கை குறைந்திருக்கலாம்.

டேப் ஒட்டி மறைத்து அடிக்கும் மாஸ்கிங்கில் என் பொறுமையைச் சோதித்தது 1991இல் லே மான் ஜெயித்த மஸ்டா 787பி. ஆரஞ்சும் பச்சையும் வளைந்த உடம்பின் மேல் நேர்க்கோட்டில் சந்திக்க வேண்டும். டேப்பை ஒட்டி அதன் ஓரத்தில் நேரடியாகப் பச்சை அடித்தால் அடியில் கசியும். அதனால் முதலில் அடியில் உள்ள அதே ஆரஞ்சை ஓரத்தில் ஒருமுறை அடிப்பேன். கசிய வேண்டிய இடத்தை ஆரஞ்சே கசிந்து அடைத்துவிடும், பிறகு பச்சை போக வழியில்லை. டேப்பைப் பெயிண்ட் முழுக்கக் காய்வதற்குள் உரிக்க வேண்டும், தன்மேலேயே மடித்து, மெதுவாக.

டீக்கால்தான் பந்தயக் காரின் உயிர். சாதாரணக் காரில் நம்பர் பிளேட்டோடு முடியும், இதில் விளம்பரம், எண், ஓட்டுநர் பெயர் என்று நூறு துண்டுகள் வரும். பளபளப்பான பரப்பில் மட்டும்தான் ஒட்ட வேண்டும். சொரசொரப்பில் ஒட்டினால் அடியில் காற்று தங்கி வெள்ளியாக மின்னும். வளைவுகளில் மார்க் சாஃப்டர் போன்ற இளக்கும் திரவம் தடவினால் டீக்கால் முதலில் சுருங்கி, கிழவி முகம்போல ஆகும். அந்த நேரத்தில் கைவைக்காமல் எழுந்து போய்விட வேண்டும். நான் எழுந்து போகாத ஒரு காரில் மூக்கின் மேல் இருக்கும் எண் இரண்டாகக் கிழிந்திருக்கிறது. எழுந்து போய்த் திரும்பி வந்து பார்த்தால் டீக்கால் தானாகவே படிந்து, பெயிண்டில் வரைந்ததுபோல இருக்கும்.

நீண்ட நாள் கணக்கில் டீக்கால் இரண்டு விதமாகப் பழிவாங்கும். பெட்டியிலேயே மஞ்சளாவது ஒன்று. தாளைக் காற்றுப்புகாத பையில் போட்டு ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, சில வாரம் வெயில் காட்டினால் வெளுத்துவிடும். எம்பி4/4ஐ மங்க வைத்த அதே ஜன்னல் இங்கே வைத்தியம் பார்க்கிறது. இன்னொன்று, பழைய டீக்கால் தண்ணீரில் போட்டதும் அப்பளம்போல நொறுங்குவது. இப்போது பழைய பெட்டி எது கிடைத்தாலும் தேவையில்லாத ஒரு துண்டைத்தான் முதலில் தண்ணீரில் போட்டுப் பார்க்கிறேன். உடைந்தால் தாள் முழுக்க ஒரு பூச்சு கிளியர் அடித்து, ஒவ்வொன்றையும் ஓரத்தை ஒட்டி வெட்டிக்கொள்வேன். அப்புறம் இன்னொன்று: மேலே கிளியர் அடிக்காமல் விட்ட இரண்டு கார்களிலும் டீக்கால் ஓரங்கள் தூக்கிக்கொண்டுவிட்டன. அடித்தவற்றில் ஒன்றுகூடத் தூக்கவில்லை.

கிளியரில் அவசரம் கூடாது. லாக்கர் கிளியரை முதல் இரண்டு முறை தூவினாற்போல, உலர்ந்த மாதிரி அடிக்க வேண்டும். எடுத்த எடுப்பில் ஈரமாக அடித்தால் டீக்கால் கரைந்து சுருளும். பிறகு மூன்று நான்கு ஈரப் பூச்சு. இரண்டு பங்கு கலக்கும் 2கே கிளியர் கண்ணாடிபோல வரும், ஒரு காருக்கு அடித்தேன், அலமாரியில் அதுதான் அழகு. ஆனால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது மூச்சுக்குள் போனால் ஆஸ்துமா வரவழைக்கக்கூடியது, வாசனையை வைத்து உஷாராகவும் முடியாது. அதன் பாதுகாப்புக் குறிப்பைப் பிறகுதான் படித்தேன், மீதியை அடிக்கவில்லை. சாதா லாக்கருக்கே ஆவியைப் பிடிக்கும் ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் வைத்த முகமூடியும் வெளியே காற்றைத் தள்ளும் பெட்டியும் வேண்டும். துணி முகமூடி தூசியை நிறுத்தலாம், ஆவியை நிறுத்தாது. முதல் இரண்டு வருடம் இது தெரியாமல் தலைவலியைக் கண்ணாடி பவர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாலிஷ் போடும்போது நடந்ததைச் சொல்கிறேன். 917இன் முன் சக்கர வளைவு. 3000, 4000, 6000 எண் உப்புத்தாள்கள் என்று தண்ணீர் தொட்டுத் தேய்த்து வருகிறேன். மங்கலான பரப்பு மெல்ல மெல்ல விளக்கைக் காட்ட ஆரம்பிக்கிறது, முதலில் புகைமூட்டமாக, பிறகு குழல்விளக்கின் இரண்டு ஓரமும் தெளிவாக. இன்னும் ஒரே ஒரு தேய்ப்பு என்று விரல் போன இடத்தில், வளைவின் முதுகில், மயிரிழை அகலத்துக்கு வெள்ளைப் பிரைமர் எட்டிப் பார்த்தது. விளிம்புகளில் பெயிண்ட் எப்போதும் மெல்லியதாகத்தான் நிற்கும். இப்போதெல்லாம் எல்லா விளிம்புகளிலும் மெல்லிய டேப் ஒட்டிவிட்டுத்தான் தேய்க்கிறேன், கடைசியில் டேப்பை எடுத்துவிட்டுக் காம்பவுண்டு (பாலிஷ் பசை) மட்டும் போடுவேன்.

உள்ளலங்காரத்தில் நீண்ட நாள் சந்தோஷம் தந்தது துணியில் செய்த சீட் பெல்ட். உலோகத் தகட்டுக் கொக்கிகளில் ரிப்பனைக் கோத்து, சாமணத்தால் இழுத்து, இருக்கையில் தொய்வாகப் படிய வைப்பது. மற்றபடி கண்ணில் படாத எஞ்சின் அடிப்பக்கத்துக்கு வாங்கிய தகட்டுத் துண்டுகள் எல்லாம் வீண்செலவு. மூடியை ஒட்டியபின் நான்கூடப் பார்த்ததில்லை. எக்ஸாஸ்ட் குழாயில் ஊடுருவித் தெரியும் நீலம், ஊதா, ஆரஞ்சை மிக லேசாக அடுத்தடுத்துத் தூவினால் சூட்டில் வெந்த உலோகம் கிடைக்கும். பத்து நிமிட வேலை, பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். கண்ணாடிப் பாகங்களுக்கு மட்டும் சூப்பர் க்ளூ வேண்டாம். அதன் ஆவி படிந்து உள்ளிருந்து வெள்ளையாகப் பூத்துவிடும், துடைக்க விரல் போகாது. வெள்ளை மரப்பசை போதும், ஒன்பது வருடத்தில் ஒரு கண்ணாடியும் கழன்றதில்லை.

டயர் பிரச்சினைக்கு இப்போது செய்வது இது: ரிம்முக்கும் டயருக்கும் நடுவே மெல்லிய அலுமினியத் தாளை ஒரு சுற்று சுற்றிவிடுகிறேன். காரை அடியிலிருந்து ஒரு திருகால் பலகையோடு பிடித்து, டயர் பலகையைத் தொட்டும் தொடாமலும் நிற்க வைக்கிறேன். தாள் சுற்றியது மூன்று கார்களில், முதல் கார் இரண்டரை வருடத்தைத் தாண்டிவிட்டது. போன வாரம் டயரைக் கழற்றிப் பார்த்தேன், ரிம் சுத்தமாக இருந்தது.

பதினான்கு கார்களில் ஐந்து கெட்டதற்குக் காரணம் ஒன்றேதான், காய்வதற்கு முன் தொட்டது. விரல்ரேகை, அதற்கு மேல் அடித்த பூச்சில் விரிசல், டேப்போடு வந்த பெயிண்ட், எல்லாம் அந்தக் கணக்கில் வரும். தொட்டால் காய்ந்ததுபோலத்தான் இருக்கும். அதனால் விரலை நம்புவதில்லை, மூக்கை நம்புகிறேன். வாசனை வந்தால் உள்ளே தின்னர் இன்னும் இருக்கிறது.

இப்போது மேசையில் இருப்பது லோட்டஸ் 72, 1972இல் உலகப் பட்டம் வென்ற கருப்பு-தங்க நிறக் கார். கருப்பில் ஒரு தூசி விழுந்தாலும் தெரியும், தங்கக் கோடுகள் தலைமுடி அளவு. பன்னிரண்டு நாளாக மூடிய டப்பாவுக்குள் காய்கிறது. நேற்று ராத்திரி மூடியைத் திறந்து மூக்கருகில் கொண்டுபோனேன். லேசாகத்தான் அடித்தது, ஆனால் அடித்தது. மூடி வைத்துவிட்டுப் படுக்கப் போனேன்.