ஒரே வேளை அல்பெண்டசோலா, மூன்று நாள் மெபெண்டசோலா?

மருந்துக்கடையில் பூச்சி மாத்திரை கேட்டால், யாருக்கு, என்ன வயது, எந்தப் பூச்சி என்ற விசாரணை ஏதுமின்றிப் பெரும்பாலும் 400 மில்லிகிராம் அல்பெண்டசோல்தான் கைக்கு வரும். அது தவறான மருந்து அன்று. ஆயினும் மெபெண்டசோலும் பைரன்டெலும் அதனோடு போட்டியிடுகின்றன, மூன்றும் ஒன்றுக்கொன்று ஈடு அல்ல.

அல்பெண்டசோலும் மெபெண்டசோலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டும் புழு குளுக்கோஸை உறிஞ்சவிடாமல் செய்து, அதைச் சில நாள்களில் பட்டினியால் சாகவைக்கின்றன. உருண்டைப்புழுவுக்கு இரண்டில் எதுவும் போதும். இரத்தம் உறிஞ்சிச் சோகை தரும் கொக்கிப்புழுவில்தான் வேறுபாடு துலங்குகிறது: ஒரே வேளை அல்பெண்டசோல் சாதிப்பதை ஒரே வேளை மெபெண்டசோல் சாதிப்பதில்லை. சாட்டைப்புழுவோ ஒரு வேளை மருந்துக்கு எளிதில் மசியாது. அதற்கு 100 மில்லிகிராம் மெபெண்டசோலைக் காலையும் மாலையுமாக மூன்று நாள் தருவது பலனளிக்கும். ஆனால் ஆறு வேளையையும் தவறாமல் கொடுத்து முடிக்கும் வீடுகள் எத்தனை? பல லட்சம் குழந்தைகளுக்கு ஒரே நாளில் தரவேண்டிய தேசியக் குடற்புழு நீக்க நாளில் (2015 முதல் நடப்பது, பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10) ஒரு வேளை அல்பெண்டசோல் இடம்பெற்றிருப்பது பொருத்தமே என்பது என் கருத்து.

பைரன்டெலின் வழி வேறு. அது புழுவின் தசைகளை முடக்கிக் குடல்சுவரின் பிடியை விடுவிக்க, மலத்தோடு புழு வெளியேறுகிறது. கீரிப்பூச்சிக்கு நல்ல மருந்து, சாட்டைப்புழுவுக்குப் பயனற்றது. அளவு எடையைப் பொறுத்தது: கிலோவுக்கு 11 மில்லிகிராம், அதாவது 15 கிலோ குழந்தைக்கு 165 மில்லிகிராம், எவ்வளவு எடையானாலும் 1 கிராமைத் தாண்டக்கூடாது. எடை பார்க்காமல் கண்மதிப்பில் ஊற்றும் வீட்டுக்கு இது ஏற்ற மருந்தன்று. பழைய பூச்சி மருந்தான பைபரசினும் இதுவும் ஒன்றன் வேலையை மற்றொன்று கெடுக்கும் என்பதால், இரண்டையும் சேர்த்துத் தரலாகாது.

அல்பெண்டசோலில் கணக்கு எளிது: ஒன்று முதல் இரண்டு வயது வரை அரை மாத்திரை, அதற்கு மேல் முழு மாத்திரை. ஆபத்து அளவில் இல்லை, விழுங்கும் விதத்தில் இருக்கிறது. அழுது திமிறும் குழந்தையின் மூக்கைப் பிடித்து மாத்திரையை வாயில் திணித்தால் அது மூச்சுக்குழலை அடைத்துவிடலாம். ஆகவே சின்னக் குழந்தைக்கு இரண்டு கரண்டிகளுக்கிடையே பொடித்து நீரில் கலந்தும், பெரிய பிள்ளைக்கு நன்றாக மென்று தின்னச் சொல்லியும் தரவேண்டும். திரவ மருந்தானால் அடியில் வெண்படிவு தங்கும். குப்பியைக் குலுக்காமல் ஊற்றினால் மேலே இருக்கும் நீர்த்த பகுதிதான் வரும். காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்கு அன்று தராமல் தேறிய பிறகு தரலாம்.

கடையில் தாமாக வாங்கக்கூடாதவர்களும் உண்டு. கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் இவற்றைத் தவிர்ப்பதே முறை. வலிப்பு வந்தவர்கள் மருத்துவரைக் கேட்டே எடுக்கவேண்டும். மூளையில் நாடாப்புழுவின் இளம்பருவக் கட்டி இருந்தால், அல்பெண்டசோலால் அது சாகும்போது எழும் அழற்சியே வலிப்பைத் தூண்டிவிடலாம். மெட்ரோனிடசோலும் மெபெண்டசோலும் சேர்ந்தால் அரிதாகக் கடுமையான தோல் கொப்புள நோய் நேரலாம் என்பதால், வயிற்றுப்போக்குக்கு ஏற்கெனவே மெட்ரோனிடசோல் எடுப்பவர் அதைச் சொல்லியாக வேண்டும்.

விளக்கெண்ணெய்ப் பேதியை இந்தப் போட்டியில் சேர்க்க நான் தயங்குகிறேன். எங்கள் தலைமுறை விடுமுறை தோறும் அதைக் குடித்து முகம் சுளித்ததுண்டு. அது குடலைக் கழுவுமே தவிர, சுவரைப் பற்றியிருக்கும் கொக்கிப்புழுவைக் கொல்லாது. இன்றைய மருந்துகளுக்கு முன்போ பின்போ பேதி தேவையும் இல்லை.

கீரிப்பூச்சி விஷயத்தில் மட்டும் எந்த மருந்தானாலும் ஒரே விதி: முட்டைகள் மருந்துக்குத் தப்பிவிடுவதால் வீட்டில் உள்ள அனைவரும் ஒரே நாளில் எடுத்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுக்கவேண்டும். முதல் நாளிலேயே நாள்காட்டியில் அந்தத் தேதியை வட்டமிட்டு, படுக்கை விரிப்பை வெந்நீரில் துவைத்து, பிள்ளைகளின் நகத்தை ஒட்ட வெட்டிவிடவும் வேண்டும்.