மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டியும் என் கருப்பட்டிக் கடையும்

உடன்குடிப் பக்கம் கருப்பட்டியும் பனங்கற்கண்டும் வாங்கி விற்கிறேன். முன்பெல்லாம் வாட்ஸ்அப்பில்தான் ஆர்டர். 2023-இல் உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும், வெளியூர்க்காரர்களும் தேடி வருவார்கள் என்று ஆசைப்பட்டு ஒரு இணையதளம் போட்டேன். வந்தார்கள். கூடையிலும் போட்டார்கள். பணம் கட்டுகிற இடத்தில் காணாமல் போனார்கள். பத்துப் பேரில் இரண்டு பேர் வாங்கி முடித்தால் அது நல்ல நாள். தளத்துக்கு வருகிறவர்களைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிடிக்ஸில் எந்தப் பக்கத்தோடு போய்விட்டார்கள் என்பது தெரிந்தது. ஏன் போனார்கள் என்பதற்கு அதில் விடை இல்லை.

அப்புறம்தான் கிளாரிட்டி போட்டேன். 2020-இல் மைக்ரோசாஃப்ட் எல்லோருக்கும் திறந்துவிட்ட கருவி இது. இலவசம், எத்தனை பேர் வந்தாலும் இலவசம்தான். ஒரு சின்ன ஸ்கிரிப்டை, அதாவது நாலு வரி நிரலை, தளத்தில் ஒட்டிவிட்டால், வருகிறவர் எங்கே தட்டினார், எதுவரை இழுத்துப் பார்த்தார் என்பதை வீடியோ மாதிரி ஓட்டிப் பார்க்கலாம். அவர் பெட்டியில் எழுதும் பெயரும் போன் நம்பரும் நமக்கு வெறும் புள்ளிகளாகத்தான் தெரியும். அது நிம்மதி. இருந்தாலும் அடுத்தவர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கிற கூச்சம் எனக்குப் போகவில்லை. இப்படிப் பதிவாகிறது என்று தளத்தின் அடியில் எழுதிவிட்டேன்.

கோபத்தில் ஒரே இடத்தைப் படபடவென்று தட்டினால் 'ரேஜ் கிளிக்', தட்டியும் ஒன்றும் நடக்காவிட்டால் 'டெட் கிளிக்' என்று அதுவே பிரித்துக் கொடுக்கிறது. டெட் கிளிக் பட்டியலைத் திறந்தால் எல்லாம் பின்கோடு பக்கம். ஒருவர் பின்கோடு போடுகிறார். கீழே 'தொடர்க' பொத்தான் பளிச்சென்று இருக்கிறது. அதைத் தொடாமல் மேலே வெற்றிடத்தில் நாலைந்து முறை தட்டிவிட்டுப் போய்விடுகிறார். இதே கதை ஆறு பேரிடம். எனக்கு மண்டை காய்ந்தது. அம்மாவின் பழைய போனில் திறந்து பார்த்தபோதுதான் விளங்கியது: கீபேட் ஏறிவந்து பொத்தானை முழுக்க மூடிவிடுகிறது. அதை இறக்கத்தான் அத்தனை தட்டல். கிளாரிட்டி தளத்தைத்தான் பதிவு செய்யும், போனின் கீபேட் அதில் வராது. இதைத் தெரிந்துகொள்ளாமல் நான்கு நாள் வீணாக்கினேன்.

அதைச் சரிசெய்த பிறகும் கூட்டம் கடைசிப் பக்கத்தில் நின்றது. எல்லோரும் ஒரே பெட்டிக்குப் போய், சும்மா இருந்துவிட்டு, வெளியேறினார்கள். எத்தனை ரெக்கார்டிங் ஓட்டியும் காரணம் பிடிபடவில்லை. கோவில்பட்டிச் சித்தியின் கையில் போனைக் கொடுத்து, "ஒரு கிலோ வாங்குங்க சித்தி" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். விறுவிறுவென்று போனவர், கடைசியில் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏல, கூப்பன் கேக்கான். எங்கிட்ட ஏதுல கூப்பன்?"

தள்ளுபடி கூப்பன் பெட்டி. தளம் செய்து தந்த தம்பி எல்லாக் கடையிலும் இருக்கிறதென்று வைத்தது. அதை நிரப்பாவிட்டால் சரக்கு வராது என்று நினைத்திருக்கிறார் சித்தி. அன்று இரவே பெட்டியைத் தூக்கினேன். கூரியர் கட்டணத்தையும் முதல் பக்கத்திலேயே போட்டுவிட்டேன். அது சித்தி கேட்ட இரண்டாவது கேள்வி. இப்போது பத்துக்கு ஐந்து தேறுகிறது.

சிறு கடைக்காரர்கள் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். ரெக்கார்டிங் 30 நாள்தான் இருக்கும், வேண்டியதில் ஃபேவரிட் குறி வைத்துவிடுங்கள். கூடவே ஒரு சித்தியும் வேண்டும்.

வாரா வாரம் ஒருவர் வருகிறார். பனங்கற்கண்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறார், போய்விடுகிறார். இவரை என்ன செய்வதென்றுதான் புரியவில்லை.