முதல் நைட் விஷன் வாங்கப் போறவங்க இதப் படிச்சிட்டு போங்க (டிஜிட்டல் பைனாகுலர் ரிவ்யூ)

ராத்திரில மிருகம், ஆந்தை எல்லாம் பாக்கணும்னு ஒரு டிஜிட்டல் நைட் விஷன் பைனாகுலர் வாங்கி யூஸ் பண்ணிட்டு இருக்கேன். பிராண்ட் பேரு சொல்லல, ஏன்னா இதே மாடல் நாலஞ்சு பேர்ல வேற வேற டப்பாவுல வருது, உள்ள இருக்கற சரக்கு ஒண்ணுதான்.

நைட் விஷன்னு விக்கறது மொத்தம் மூணு வகை, இது புரியாம ஆர்டர் போடாதீங்க. முதல் வகை ட்யூப், அதாவது இருக்கற கொஞ்ச வெளிச்சத்த ஒரு ட்யூபுக்குள்ள பெருக்கிக் காட்டறது, இதுல ஜென் 1 (முதல் தலைமுறை) தான் விலை கம்மி, ஆனா நடுவுல மட்டும் தெளிவா இருந்து ஓரமெல்லாம் வளைஞ்சு மங்கும், பகல் வெளிச்சத்துல தெரியாம ஆன் பண்ணிட்டா ட்யூபே போயிடும். ஜென் 2ல சிக்னல இன்னும் பெருக்கற மைக்ரோசேனல் பிளேட்னு ஒரு தகடு, ஜென் 3ல அதோட வெளிச்சத்த உள்ள வாங்கற பூச்சா காலியம் ஆர்சனைடும் சேந்துக்கும், நட்சத்திர வெளிச்சமே போதும்ங்கற லெவல், விலையும் அந்த நட்சத்திரம் பக்கத்துலதான் இருக்கும், போதாததுக்கு அமெரிக்க ட்யூபுக்கு ஏற்றுமதி கட்டுப்பாடு வேற. ரெண்டாவது தெர்மல், இது வெளிச்சத்தையே பாக்காது, சூட்டத்தான் பாக்கும், புதருக்குள்ள ஏதோ இருக்குன்னு கண்டுபிடிக்க அத அடிச்சுக்க ஆளில்ல, ஆனா அது நரியா நாயான்னு சின்ன சென்சார்ல பிடிபடாது, கண்ணாடி ஜன்னல் வழியா பாத்தா கண்ணாடிதான் தெரியும். மூணாவது டிஜிட்டல், அதாவது கேமரா சென்சாரும் கூடவே ஒரு ஐஆர் (அகச்சிவப்பு, நம்ம கண்ணுக்கு கிட்டத்தட்ட தெரியாத வெளிச்சம்) லைட்டும். பகல்லயும் ஓடும், வீடியோ எடுக்கும், ஏதாவது தப்பா அமுக்கினாலும் கெட்டுப்போகாது, அதனால முதல் சாமானுக்கு என் ஓட்டு இதுக்குத்தான்.

சரி என்கிட்ட இருக்கறதுக்கு வருவோம். பாக்க பைனாகுலர் மாதிரி ரெண்டு கண்ணு இருக்கும், ஆனா ஒண்ணுதான் லென்ஸ், இன்னொண்ணு ஐஆர் லைட், உள்ள ஒரே ஒரு ஸ்கிரீன், அதத்தான் ரெண்டு கண்ணும் பாக்குது. அதனால ஆழம் தெரியாது, கண்ணுல வெச்சுக்கிட்டே நடந்தா பள்ளத்துல கால விட்டுருவீங்க, நின்னு பாக்கறதுக்கு மட்டும்தான் இது. இன்னொண்ணு, பாத்து முடிச்சு கீழ இறக்கினா அந்த ஸ்கிரீன் வெளிச்சத்துல கண்ணு கூசிப்போய் சுத்தி ஒண்ணும் தெரியாது, இருட்டுக்கு கண்ணு முழுசா பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும். பிரைட்னஸ்ஸ கடைசி லெவலுக்கு கொறச்சு வெச்சுக்கங்க.

டப்பால 300 மீட்டர்னு போட்டிருக்கும். பொய்னு சொல்ல மாட்டேன், அவ்ளோ தூரத்துல ரெண்டு வெள்ளைப் புள்ளி மினுங்கும், அது மிருகத்தோட கண்ணு ஐஆர் லைட்ட திருப்பி அடிக்கறது. என்ன மிருகம்னு சொல்லணும்னா அதுல மூணுல ஒரு பங்கு தூரத்துக்குள்ள வரணும். இருக்குன்னு தெரியறது வேற, இன்னதுன்னு தெரியறது வேற, கம்பெனிக்காரன் எப்பவும் முதல் கணக்கத்தான் அச்சடிப்பான்.

ஐஆர் லைட்டுதான் இதுல மெயின் மேட்டர், சென்சார் மெகாபிக்சல் கூட ரெண்டாவதுதான். அதோட அலைநீளம் 850 நானோமீட்டர்னா தூரம் போகும், ஆனா முன்னாடி இருந்து பாத்தா மங்கலா சிவப்பா தெரியும். 940ல அந்த சிவப்பு இருக்காது, ஆனா சென்சாருக்கு அந்த வெளிச்சம் அவ்வளவா பிடிபடாது, தூரம் அடி வாங்கும். முதல் தடவைக்கு 850 போதும். ஒளிய குவிக்கவும் விரிக்கவும் முடியுதான்னு கட்டாயம் பாருங்க, என்னோடதுல அது முடியாது, பவர் லெவல் மட்டும்தான் மாத்தலாம், அதான் பெரிய கடுப்பு. முன்னாடி நாலு புல்லு இருந்தா போதும், அந்தப் புல்லு பளீர்னு வெள்ளையாயிடும், பின்னாடி நிக்கற முயல் கருப்புல மறைஞ்சிடும். ஒத்தை சிலந்தி நூல் கூட டியூப்லைட் மாதிரி ஜொலிக்கும். மூடுபனில சுத்தமா வேலைக்காகாது, வெள்ளைத் திரைதான். தனி ஐஆர் டார்ச் ஒண்ணு வாங்கி கைய கொஞ்சம் தள்ளிப் பிடிச்சு அடிச்சேன், படம் எவ்ளோவோ தெளிவாச்சு.

ஜூம் அதிகமா இருக்கறதா பாத்து வாங்காதீங்க. லென்ஸ் சைஸ் அதே இருந்து பெருக்கம் ஏற ஏற படம் இருட்டும், கை நடுக்கமும் சேந்து பெருசாகும், 3, 4 மடங்கு ஆப்டிகல் (லென்ஸே பெருசாக்கறது) இருந்தா தாராளம். டிஜிட்டல் ஜூம்னு (எடுத்த படத்தையே இழுத்து பெருசாக்கறது) போட்டிருக்கறத கணக்குலயே எடுக்காதீங்க, 4கே வீடியோன்னு கூவறதும் பெரும்பாலும் சின்ன சென்சார் படத்த இழுத்து நீட்டினதுதான்.

பேட்டரி கழட்டி மாத்தற 18650 டைப் (சார்ஜ் பண்ணிக்கற உருளை லித்தியம் செல்), அது நல்ல விஷயம், ஐஆர் ஃபுல்லா வெச்சா சர்ருனு இறங்கும், ஸ்பேர் ஒண்ணு பாக்கெட்ல இருந்தே ஆகணும். காட்டுப்பக்கம் கொண்டு போறவங்க அங்க இதுக்கு அனுமதி இருக்கான்னு முதல்ல கேட்டுக்கங்க, துப்பாக்கில மாட்டறதுக்கெல்லாம் நிறைய இடத்துல தனி சட்டமே இருக்கு.

மொத்தத்துல 5க்கு 3.5 குடுப்பேன். ஒரு ஸ்டார் அந்த ஃபிக்ஸட் ஐஆர் லைட்டுக்காக கட். மீதி அரை ஸ்டார் எதுக்குன்னா, ஆன் பண்ணும்போது பீப்னு ஒரு சத்தம் போடுது பாருங்க, மெனு முழுக்க தேடிட்டேன், அத ஆஃப் பண்ற ஆப்ஷனே இல்ல, ஆந்தை பறந்தே போயிடுது.