ஐப்பசியில் கொடைக்கானல்: ஏரிச் சரிவில் ஒரு விடுதி

குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு, சம்பா நடவையும் முடித்த பிறகு டெல்டாக்காரர்களுக்குச் சில நாட்கள் ஓய்வு கிடைக்கும். ஐப்பசித் தொடக்கத்தில் வரும் அந்த ஓய்வில்தான் மன்னார்குடியிலிருந்து குடும்பத்தோடு கொடைக்கானலுக்குச் சென்று, ஏரிக்கு மேலே சரிவில் உள்ள சிறிய விடுதி ஒன்றில் தங்கினோம். கோடை விடுமுறையில் வத்தலக்குண்டிலிருந்தே வண்டிகள் ஊர்ந்து போகும் மலைப்பாதை அப்போது நெரிசலின்றி இருந்தது. அறை வாடகையும் வெகுவாகக் குறைந்திருந்தது. அமைதியை நாடுபவர்கள் மே மாதத்தை விட்டுவிட்டு இந்தப் பருவத்தில்தான் போக வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

விடுதியின் பெரிய சிறப்பு மாடி அறையின் சன்னல். விடியற்காலையில் ஏரி இருக்கும் இடமே தெரியாதபடி பனிமூட்டம் மூடியிருக்கும். வெயில் ஏற ஏற, நட்சத்திர வடிவ ஏரியின் கைகள் ஒவ்வொன்றாக வெளிப்படும். ஓடையின் குறுக்கே கரை கட்டி 1863இல் லெவிஞ்ச் என்னும் ஆங்கிலேய அதிகாரி உருவாக்கிய ஏரி இது என்பதால், மதகும் மடையும் பார்த்து வளர்ந்த நமக்கு அதன்மேல் தனி ஈடுபாடு வருகிறது. ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் சுற்றுப்பாதையை எந்த அவசரமுமின்றி நடந்தே முடித்தோம்.

உணவைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். முதல் நாள் மதியம் வந்த சோறு நடு வேகாமல் இருந்தது. 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், ஊரில் உலை வைப்பதுபோல் வைத்தால் அரிசி எளிதில் குழைவதில்லை. சமையல் செய்யும் அம்மாவிடம் சொன்னதும், "இனிமே குக்கர்லயே வச்சுடறேங்க" என்று அன்றிரவே மாற்றிவிட்டார். மலைப்பூண்டைத் தோலோடு மிளகும் சீரகமும் சேர்த்து அம்மியில் நசுக்கி அவர் வைத்த ரசத்துக்காகவே இன்னொரு முறை போகலாம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பூண்டின் காரமும் மணமும் நம் கடைத்தெருப் பூண்டில் இல்லை.

குறைகளும் உண்டு. வெந்நீர் காலை எட்டு மணி வரைதான் வருகிறது. முதியவர்களை அழைத்துச் செல்வோருக்கு இது சிரமம். கம்பளிகளில் ஈர வாடை வீசியது. கேட்ட பிறகே மாற்றித் தந்தார்கள். இந்த இரண்டையும் நிர்வாகம் அவசியம் சரிசெய்ய வேண்டும்.

ஐப்பசி முற்றினால் வடகிழக்குப் பருவமழை வலுத்து மலைப்பாதையில் மண் சரியக்கூடும் என்பதால், வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். 2024 மே முதல் நடைமுறைக்கு வந்த, வெளியூர் வண்டிகள் கொடைக்கானலுக்குள் நுழைவதற்கான அனுமதிச் சீட்டான இ-பாஸை இணையத்தில் முன்னதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அறை பதியும்போது ஏரியைப் பார்த்த மாடி அறையையே கேட்டு வாங்குங்கள். கீழ்த்தளத்தில் ஈரம் அதிகம்.