சில்வண்டுக்குத் தோற்ற உயரமானி

ஜவ்வாது மலைப் பக்கம் மரக் கணக்கெடுப்புக் குழுக்களைப் பார்த்துக்கொள்ளும் நண்பர் கேட்டார்: "மூணு டீமுக்கும் மர உயரம் அளக்குற அந்த அல்ட்ராசானிக் மெஷினை வாங்கிடலாமா? நீங்கதான் ரொம்ப நாளா வெச்சிருக்கீங்க." கேட்ட நேரம் சரியில்லை. ரிப்பேருக்குப் போன மெஷின் அன்றுதான் பில்லோடு திரும்பி வந்திருந்தது. கோபத்தில் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று, எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுதும்போதும் கோபம் முழுதாக இறங்கவில்லை, அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கம்பெனி பெயர் வேண்டாம். நான் சொல்லப்போகும் முக்கியமான குறை ஒலியை வைத்து அளக்கும் எல்லாக் கருவிக்கும் பொது. கருவி உங்களுக்குத் தெரிந்ததுதான். மரத்தில் குட்டிப் பெட்டி ஒன்றைத் தொங்கவிட்டு, தள்ளி நின்று முதலில் பெட்டியையும் பிறகு நுனியையும் குறிபார்த்தால் உயரம் வந்துவிடும். கருவி ஒலியால் கூப்பிடும், பெட்டி பதில் கொடுக்கும், அதற்கு ஆன நேரத்தை வைத்துத் தூரம் தெரியும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அதுவும் உயரத்தைப் பற்றியது இல்லை. மரங்களை எண்ணி அளக்க நாங்கள் காட்டில் குறித்துக்கொள்ளும் பிளாட் 0.1 ஹெக்டேர் சதுரம். பக்கம் 31.62 மீட்டர். நடுவில் நின்று நான்கு மூலைக்கும் 22.36 மீட்டர் போக வேண்டும். படிக்கச் சுலபம். ஆனைமலையில் உலாந்தி வனச்சரகத்துப் பக்கம் உன்னி (லண்டானா) முட்புதருக்குள் டேப் இழுத்தவர்களைக் கேளுங்கள். டேப் முள்ளில் மாட்டும், தொய்யும், வளையும். இழுத்தால் எங்கோ சிக்கிய இடத்திலிருந்து அறுந்து வரும். சரிவாக இருந்தால் இன்னும் மோசம், கிடைமட்டத் தூரம் வேண்டும் என்பதால் துண்டு துண்டாகப் பிடித்து அளக்க வேண்டும். லேசர் கருவி முதல் இலையிலேயே மோதித் திரும்பிவிடும். இந்த மெஷினுக்கு அந்தத் தொல்லை கிடையாது. பெட்டியோடு ஒருவர் நடுவில் நிற்பார், இன்னொருவர் திசைகாட்டியைப் பார்த்தபடி புதருக்குள் நுழைந்து போவார். ஒலி இலைகளுக்கு நடுவே புகுந்து போய்வரும், சரிவுக்கான திருத்தத்தையும் கருவியே செய்துவிடும். காலையில் பிளாட் போடவே பாதி நாள் ஓடிய இடங்களில், டீ ஆறுவதற்குள் நான்கு மூலையிலும் கொடி நட்டுவிட்டார்கள். உயரமானி என்று வாங்கியது தூரமானியாகத்தான் எங்களுக்குச் சோறு போட்டது.

இப்போது கோபத்துக்கு வருகிறேன்.

எங்கள் வேலை மழை நின்றபின் தொடங்கி கோடை மழை வரைக்கும். மானாம்பள்ளிப் பக்கத்துப் பசுமைமாறாக் காட்டுக்குக் குழு போய்ச் சேரும்போது மார்ச் வந்துவிடும். சில்வண்டுகளும் அப்போதுதான் தொண்டையைத் திறக்கின்றன. ஒன்று தொடங்கினால் மலைச்சரிவு முழுக்கப் பிடித்துக்கொள்ளும், பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. அந்த இரைச்சலில் மனிதக் காதுக்கு எட்டாத மேல் அலைவரிசைகளும் உண்டு. நம் மெஷின் கூப்பிடுவதும் அங்கேதான். பெட்டியைப் பார்த்துப் பொத்தானை அழுத்தினால் சில சமயம் பதிலே வராது. சில சமயம் பதில் வரும், ஆனால் கண்ணுக்கு எதிரே இருபது மீட்டர் தள்ளி நிற்கும் மரத்துக்கு ஏழு மீட்டர் என்று காட்டும். பதில் வராததைப் பொறுத்துக்கொள்ளலாம். பொய்ப் பதிலை அவசரத்தில் படிவத்தில் எழுதிவிட்டால், சாயங்காலம் முகாமில் உட்கார்ந்து நான்தான் கண்டுபிடிக்க வேண்டும். சுற்றளவு இரண்டு மீட்டர், உயரம் ஒன்பது மீட்டர் என்று ஒரு நாங்கு மரம் வந்தது. அப்படி ஒரு மரம் இருந்தால் அதைப் பார்க்க நானே நடந்து போவேன்.

பொள்ளாச்சிப் பக்கத்து வாட்சர் ஒருவர், என்னைவிட மூத்தவர், ஒரு நாள் மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "ஏனுங்க சார், வண்டு கத்துற வரைக்கும் இதுக்குக் காது கேக்காதுங்க. நாம சாப்பிட்டுட்டு வந்துரலாமுங்க." அன்றிலிருந்து அதுவே விதி. உயரமெல்லாம் காலையில், சுற்றளவும் நாற்றுக் கணக்கும் மதியத்தில். ஒவ்வொரு உயரத்தையும் மூன்று முறை அளந்து, ஒத்துவந்தால் மட்டுமே படிவத்தில் ஏறும். அதாவது, நேரத்தை மிச்சம் பிடிக்க வாங்கிய பொருளுக்காக நாளையே மாற்றி அடுக்கியிருக்கிறோம்.

சட்டைப்பையும் ஒரு தலைவலி. 20 டிகிரியில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகும், வெப்பம் ஒரு டிகிரி கூடினால் வேகமும் சுமார் 0.6 மீட்டர் கூடும். இதற்காகக் கருவிக்குள் வெப்ப உணரி இருக்கிறது. ஆனால் ஆட்கள் குளிருக்கு அதை நெஞ்சோடு சேர்த்துப் பையில் வைத்துக்கொள்வார்கள். உடம்புச் சூட்டைக் காற்றின் சூடு என்று கருவி எண்ணிக்கொள்ளும். பதினைந்து டிகிரி வித்தியாசம் இருந்தால் இருபது மீட்டர் தூரம் ஐம்பது சென்டிமீட்டர் கூடிவிடும், மரமும் அதே விகிதத்தில் வளர்ந்துவிடும். காலையில் கருவியை வெளியே வைத்து, காற்றோடு ஆறவிட்டு, டேப்பில் பத்து மீட்டர் பிடித்துச் சரிபார்க்காமல் யாரையும் கிளம்ப விடுவதில்லை.

அப்புறம் 1.37. நெஞ்சுயரம், அதாவது மரத்தின் சுற்றளவை அளக்கும் உயரம், நமக்கு 1.37 மீட்டர், வெளிநாட்டில் பெரும்பாலும் 1.3. கருவியும் பெட்டி 1.3 மீட்டரில் தொங்குவதாக எண்ணிக்கொண்டே வருகிறது. பெட்டியை நம் குறியில் தொங்கவிட்டு அமைப்பை மாற்றாமல் விட்டால் எல்லா மரமும் ஏழு சென்டிமீட்டர் குட்டையாகும். சின்னதுதான், ஆனால் எல்லாம் ஒரே பக்கமாகச் சாயும் பிழை. வந்த அன்றே மாற்றிவிடுங்கள்.

எந்தக் கருவியாலும் ஆகாத காரியம் ஒன்று உண்டு. மூடிய காட்டுக்குள் நுனி தெரியாது. அகன்ற தலை உள்ள மரத்தில் நம் பக்கம் நீட்டிய கிளையை நுனி என்று குறிபார்த்தால் உயரம் கூடுதலாகத்தான் வரும். விலை உயர்ந்த கருவி அந்தத் தப்பான எண்ணைத் தசமப் புள்ளியோடு காட்டும், அதனால் ஆட்கள் அதை இன்னும் அதிகமாக நம்புகிறார்கள்.

ரிப்பேர் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஈரத்தில் பேட்டரி முனை அரித்துவிட்டது, திரையில் பாதி எண் மறைந்தது. சர்வீஸுக்குக் கொடுத்தோம். கடல் கடந்து போகிறது என்றார்கள். அந்த சீசன் முடியும்வரை வரவில்லை. ஃபோன் செய்தால் எடுப்பதில்லை, எடுத்தால் அடுத்த வாரம் என்பார்கள். அதுவரை குழுக்கள் கோணம் பார்த்து உயரம் கணக்கிடும் பழைய கிளினோமீட்டருக்கும் டேப்புக்கும் ரவி மல்டிமீட்டர் என்ற உயரம் அளக்கும் கைக்கருவிக்கும் திரும்பின. பிளாட் போடுவது நத்தை வேகம், திட்டாத ஆள் இல்லை. ஆனால் சரிபார்க்க மறுபடி அளந்த பிளாட்டுகளில் உயரங்கள் முன்பைவிட மோசமாக இல்லை, சொல்லப்போனால் மதியத்தில் அளந்தவை முன்பைவிட நன்றாகவே ஒத்துவந்தன. இந்த வயிற்றெரிச்சல்தான் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

ஆகவே நண்பருக்கு: வாங்காதீர்கள். உங்களுடையது இலையுதிர் காடு, மாசி பங்குனியில் நுனி பளிச்சென்று தெரியும், கிளினோமீட்டரே போதும். அந்தப் பணத்துக்கு நல்ல டேப்புகளும் நல்ல ஷூக்களும் வாங்கிக் கொடுங்கள். மேலிடத்தில் வற்புறுத்தினால் மூன்று வேண்டாம், பிளாட் போட மட்டும் ஒன்று. தொங்கும் பெட்டி மட்டும் இரண்டாக வாங்குங்கள், அதில் ஒன்று கட்டாயம் புதருக்குள் காணாமல் போகும்.

இதை அனுப்பியதும், "அப்ப உங்களுதைப் பாதி விலைக்குத் தர்றீங்களா?" என்று பதில் வந்தது. தர மாட்டேன். அடுத்த சுற்றில் உலாந்திப் பக்கம் பிளாட் இருக்கிறது, அங்கே உன்னி ஆள் உயரத்துக்கு நிற்கிறது.