முதல் பயணத்துக்குக் காம்பியாவா, பெனினா?

மேற்கு ஆப்பிரிக்காவுக்கு முதன்முறையாகச் செல்பவர், பத்து நாள் விடுப்பில் பல எல்லைகளைக் கடந்து அலைவதைவிட, சிறிய நாடு ஒன்றைத் தேர்ந்து நிதானமாகப் பார்ப்பதே நல்லது. அப்படித் தேர்வதற்கு என் கண்ணில் முதலில் நிற்பவை காம்பியாவும் பெனினும்.

1965 வரை பிரித்தானியரின் ஆட்சியில் இருந்த காம்பியாவில் ஆங்கிலமே அலுவல் மொழி. 1960இல் பிரான்சிடமிருந்து விடுதலை பெற்ற பெனினில் பிரெஞ்சு. வீட்டுக்குள் மாண்டிங்காவோ வோலோஃபோ பேசும் காம்பியர்களுடன் சந்தையிலும் படகுத்துறையிலும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே பேசலாம். பெனினில் பிரெஞ்சு அறியாதவர் வழிகாட்டியையே நம்பியிருக்க வேண்டும். ஊரைப் பார்க்கலாம், ஊராரோடு பேச இயலாது. முதல் பயணத்துக்கு இதை நான் பெரிய இழப்பாகவே கருதுகிறேன்.

வரலாற்றைத் தேடிச் செல்பவருக்கோ தராசு மறுபக்கம் சாய்கிறது. காம்பியா ஆற்றின் நடுவே, அரிப்பால் சுருங்கிவரும் குண்டா கிண்டே தீவில், அடிமை வணிகக் கோட்டையின் இடிபாடுகள் உள்ளன. அந்த வணிகத்தை ஆங்கிலேயர் தடைசெய்த பின் அதைத் தடுப்பதற்காகவே எழுப்பப்பட்ட புல்லன் கோட்டை ஆற்றின் முகத்துவாரத்தில், பாரா என்னும் ஊரில் நிற்கிறது. பெனினில் அதே துயரத்தின் இன்னொரு முகத்தைக் காணலாம். பெனினின் பெருநகரான கோட்டோனுவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள உயிடாவில், கைதிகள் நடத்திச் செல்லப்பட்ட பாதை கடற்கரையில் 'திரும்பா வாயில்' என்னும் நினைவுச்சின்னத்தில் முடிகிறது. அக்கைதிகளில் பலரைப் போரில் பிடித்து விற்ற, தகோமே என்னும் பழைய உள்ளூர் அரசின் மன்னர்களுடைய அரண்மனைகள் உள்நாட்டில், அபோமேயில் இருக்கின்றன. 1892இல் பிரெஞ்சுப் படை அங்கிருந்து எடுத்துச் சென்ற பொருள்களில் 26 கலைச்செல்வங்களை பிரான்ஸ் 2021இல்தான் திருப்பிக் கொடுத்தது. கவர்ந்து சென்ற வெளியாரையும் விற்றுப் பயனடைந்த உள்ளூர் அரசையும் சேர்த்துப் பார்க்க வைக்கும் இந்த இடங்களை அவசரமாகக் கடந்துவிடக்கூடாது. நோக்குவே ஏரியில் மரக்கால்கள் நட்டு அவற்றின்மேல் எழுப்பிய வீடுகளைக் கொண்ட கன்வியே ஊரும், அடிமை வேட்டைக்குத் தப்பியவர்கள் அமைத்ததே.

இயற்கைக்குக் காம்பியாவே என் தேர்வு. எந்த இடத்திலும் சுமார் 50 கிலோமீட்டருக்கு மேல் அகலமில்லாத அந்நாட்டில் 500க்கும் மேற்பட்ட பறவையினங்கள் பதிவாகியுள்ளன. ஆற்றின் மேற்பகுதியில் வாசு (Wassu) என்னும் ஊரிலுள்ள கல்வட்டங்களையும் அதே வழியில் பார்த்துவிடலாம். பெனினின் பென்ஜாரி பூங்கா சிங்கங்களுக்குப் பெயர்பெற்றது. ஆனால் வடக்கு எல்லையில் ஆயுதக் குழுக்களின் தாக்குதல்கள் நடந்துவருவதால், அதை இப்போதைக்குத் திட்டத்தில் சேர்க்கவே வேண்டாம்.

ஆகவே, பிரெஞ்சு தெரியாதவர் காம்பியாவில் தொடங்கட்டும். ஓரளவு தெரிந்தவரும், நல்ல வழிகாட்டியை முன்கூட்டியே அமர்த்திக்கொள்ளக்கூடியவரும் தென்பெனினுக்கே செல்லலாம். ஜனவரி 10இல் வரும், வோடுன் என்னும் உள்ளூர்ச் சமயத்தின் திருநாளைக் காண விரும்புபவர் உயிடாவில் அறையை வெகு முன்னதாகவே பதிவு செய்ய வேண்டும்.

காம்பியாவுக்கு நவம்பர் முதல் மே வரையிலான வறண்ட காலமும், தென்பெனினுக்கு டிசம்பர் முதல் மார்ச் வரையும் ஏற்றவை. இரு நாடுகளும் மஞ்சள் காய்ச்சல் பகுதியில் இருப்பதால், பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே தடுப்பூசி போட்டுச் சான்றிதழைக் கையில் வைத்திருக்க வேண்டும். அது இல்லாமல் இந்தியா திரும்புபவர் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தப்படலாம்.