ஹாரோவில் வீடு மாறியபோது: வாடகை ரெஃபரன்ஸ் சேவை பற்றிய என் மதிப்பீடு (ஐந்துக்கு இரண்டரை)

இந்த ஜனவரியில் லண்டனுக்குள்ளேயே ஈஸ்ட் ஹாமிலிருந்து ஹாரோவுக்கு வீடு மாறினோம். மாத வாடகை 1,750 பவுண்டு. வீட்டைக் காட்டிய ஏஜென்ட், எங்கள் தகுதியைச் சரிபார்க்கும் வேலையை இணையவழி ரெஃபரன்ஸ் நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்திருந்தார். இரண்டே வேலை நாளில் அறிக்கை தயாராகிவிடும் என்று அந்நிறுவனத்தின் முதல் மின்னஞ்சல் சொன்னது. எங்களுக்கு ஆனது பதினைந்து நாள்.

9ஆம் தேதி ஹோல்டிங் டெபாசிட்டாக, அதாவது வீட்டை எங்களுக்கென்று நிறுத்திவைக்கும் முன்பணமாக, 403 பவுண்டு கட்டினேன். இங்கிலாந்தில் 2019 ஜூன் 1 முதல் நடப்பிலுள்ள சட்டப்படி இத்தொகை ஒரு வார வாடகையைத் தாண்டக் கூடாது. ரெஃபரன்ஸுக்கென்று குடியேறுபவரிடம் தனிக் கட்டணம் வாங்கவும் கூடாது. அந்த வகையில் எந்தக் குறையும் இல்லை. படிவமும் தெளிவாகவே இருந்தது: மூன்றாண்டு முகவரிகள், வேலை விவரம், சம்பளச் சீட்டுகள், பழைய வீட்டு உரிமையாளரின் மின்னஞ்சல். ஆண்டு வருமானம் மாத வாடகையைப் போல் 30 மடங்கு, அதாவது எங்களுக்கு 52,500 பவுண்டு, இருக்க வேண்டும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட்டார்கள். வங்கிக் கணக்கை இணைத்திருந்தால் சம்பளம் உடனே உறுதியாகியிருக்கும். நான் எந்தக் கடையில் எத்தனை முறை மைசூர்பாகு வாங்கினேன் என்பதை முன்பின் தெரியாத ஒருவர் பார்ப்பதில் விருப்பமில்லாததால் மறுத்துவிட்டேன். தாமதத்தில் ஒரு பங்கு என்னுடையது என்பதை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

வாடகைக்குக் குடியிருக்கும் உரிமைக்கான சோதனையில் என் தவறால் அரை நாள் போயிற்று. நம் குடியேற்ற நிலையை மற்றவர் சரிபார்க்க உள்துறையின் தளத்தில் எடுக்கும் ஷேர் கோட் என்ற எண், வேலைக்கு என்றால் 'டபிள்யூ' என்றும் வீட்டுக்கு என்றால் 'ஆர்' என்றும் தொடங்கும்; நான் பழக்கத்தில் வேலைக்கான எண்ணை அனுப்பிவிட்டேன். சரியான எண்ணைக் கொடுத்த பிறகு ஐந்து நிமிடத்தில் முடிந்தது. கடன் வரலாற்றுச் சோதனையும் அன்றே முடிந்தது.

அதன் பிறகுதான் காத்திருப்பு தொடங்கியது. எங்கள் நிறுவனத்தின் சம்பளப் பிரிவு சென்னையில் இருக்கிறது. ரெஃபரன்ஸ் கேட்கும் மின்னஞ்சல் 13ஆம் தேதி மாலை அங்கே போய்ச் சேர்ந்தது. பொங்கல், மாட்டுப் பொங்கல், சனி, ஞாயிறு எல்லாம் கழிந்து 19ஆம் தேதிதான் பதில் வந்தது. பண்டிகையை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த ஆறு நாளும் ரெஃபரன்ஸ் தளத்தில் 'நிலுவையில் உள்ளது' என்ற ஒரே வரிதான் தெரிந்தது. எது நிலுவையில், யாரிடம் நிலுவையில் என்று எங்கும் இல்லை.

சம்பளச் சான்று வந்த பிறகும் அந்த வரி மாறாததால், 20ஆம் தேதி பழைய வீட்டுக்காரருக்கு நானே தொலைபேசியில் பேசினேன். எழுபது வயதைத் தாண்டிய யாழ்ப்பாணத்துப் பெரியவர் அவர். "ரெஃபரன்ஸ் எண்டு ஒண்டும் வரேல்லை தம்பி. ஏதோ லிங்கை அமத்தச் சொல்லி ஒரு மெயில் வந்தது, கள்ளர் எண்டு நினைச்சு அழிச்சுப்போட்டன்" என்றார். அவர் செய்தது சரிதான். தெரியாத பெயரிலிருந்து வந்த மின்னஞ்சலில் என் பெயரோ அவருடைய வீட்டு முகவரியோ தலைப்பில் இல்லை. 'உடனடி நடவடிக்கை தேவை' என்று மட்டும் இருந்திருக்கிறது. அவரைத் தொலைபேசியில் அழைக்கும்படி ரெஃபரன்ஸ் நிறுவனத்திடம் கேட்டேன். அப்படி ஒரு வழக்கமில்லை என்றும், லிங்கை மறுபடி அனுப்புவதற்கு ஏஜென்ட்தான் கோர வேண்டும் என்றும் பதில் வந்தது. அதற்கு இன்னும் இரண்டு நாள் ஆனது. 22ஆம் தேதி மாலை பேரன் வந்து உதவியதும், பெரியவர் பத்து நிமிடத்தில் எல்லாக் கேள்விகளுக்கும் பதிலளித்துவிட்டார்.

கட்டணத்தை ஏஜென்ட் கட்டுவதால் அந்நிறுவனத்துக்கு வாடிக்கையாளர் அவரே. பெட்டிகளைக் கட்டி வைத்துக்கொண்டு காத்திருப்பவர் வெறும் விண்ணப்பதாரர். உதவி மையத்தில் பேசியவர்கள் மரியாதைக் குறைவாக ஒருபோதும் நடந்துகொள்ளவில்லை. ஆனால் எனக்குச் சொல்ல அவர்களிடம் எதுவும் இருக்கவில்லை.

ஹோல்டிங் டெபாசிட் கட்டினால் பதினைந்தாம் நாளுக்குள் ஒப்பந்தம் முடிய வேண்டும். எங்கள் கணக்கில் அது 23ஆம் தேதி. அந்த நாள் தாண்டினால், தவறு நம் பக்கம் இல்லாதவரை, ஏழு நாளுக்குள் பணம் திரும்பி வர வேண்டும். கெடுவை இரு தரப்பும் எழுத்தில் நீட்டிக்கலாம். 21ஆம் தேதி ஏஜென்ட் 30ஆம் தேதி வரை நீட்டிக்கக் கேட்டபோது, வீடு கைநழுவக் கூடாதென்று சம்மதித்தேன். அறிக்கை 23ஆம் தேதி மதியம் வந்தது.

இதே வழியில் போகிறவர்கள், படிவத்தை அனுப்பும் முன்பே பழைய வீட்டுக்காரரிடமும் ஹெச்.ஆரிடமும் எந்த நிறுவனத்தின் பெயரில் மின்னஞ்சல் வரும் என்று சொல்லி வைத்துவிடுங்கள். சாவி 30ஆம் தேதி கிடைத்தது. கட்டிய 403 பவுண்டை முதல் மாத வாடகையில் கழித்திருந்தார்கள். ரெஃபரன்ஸ் தளமோ நாங்கள் குடியேறி ஒரு வாரம் ஆன பிறகும் 'நிலுவையில் உள்ளது' என்றே காட்டிக்கொண்டிருந்தது.